பெரிய பக்கவாதத்துக்குப் பின் மூளை வீங்கினால்: மண்டையோட்டைத் திறக்கும் ஆபரேஷன் பற்றிக் குடும்பத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. முதல் நாள் ஓரளவு பேசினார், ஆளை அடையாளம் தெரிந்துகொண்டார். கண்டம் தாண்டிவிட்டது என்று வீட்டார் மூச்சு விடும்போது, மறுநாள் டாக்டர் வந்து, "மூளை வீங்க ஆரம்பித்திருக்கிறது. மண்டையோட்டில் ஒரு பக்கத்து எலும்பை எடுக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் முடிவு சொல்லுங்கள்" என்கிறார். கேட்டவருக்குக் கை கால் ஓடாது. கிடைப்பது சில மணி நேரம்தான். அதிலும் பாதி, வெளியூரில் இருப்பவர்களுக்குப் போன் செய்வதிலேயே கரைந்துவிடும்.

அந்த நேரம் வருவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். நோயாளியைப் பார்க்கும் டாக்டரின் பேச்சுக்கு இது மாற்று ஆகாது. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் சரியான கேள்வி கேட்கவும் உதவும். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். இந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும். ஏற்கெனவே செத்துப்போன மூளைப் பகுதியை உயிர்ப்பிக்காது. அதனால் "பிழைப்பாரா?" என்ற கேள்வி மட்டும் போதாது. "பிழைத்தால் எப்படி இருப்பார், அப்படி வாழ அவர் சம்மதிப்பாரா?" என்பதையும் கேட்க வேண்டும். அதை முதல் நாளே கேட்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

மூளையின் இரண்டு பக்கமும் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோவது நடுப் பெருமூளைத் தமனி. டாக்டர்கள் சுருக்கமாக எம்சிஏ என்பார்கள். அதன் அடிப்பகுதியிலேயே ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், ஒரு பக்க மூளையின் பெரும்பரப்பு ரத்தமில்லாமல் சாகிறது. செத்த திசுவுக்குள் நீர் புகுந்து அது உப்பத் தொடங்குகிறது. வீக்கம் முதல் மணியிலேயே தெரிந்துவிடாது. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே வேகமாக ஏறிவிடும்.

கை வீங்கினால் தோல் இழுத்துக்கொடுக்கும். மண்டையோடு இழுத்துக்கொடுக்காது. அதற்குள் இருக்கும் மூளை, ரத்தம், தண்டுவட நீர் மூன்றும் ஒரே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று பெருத்தால் மற்ற இரண்டும் ஓரளவு விட்டுக்கொடுக்கும். அதற்கு மேல் முடியாமல் போகும்போது அழுத்தம் சட்டென்று ஏறும். வீங்கிய பக்கம் நல்ல பக்கத்தை நெருக்கித் தள்ளும். கடைசியில் மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு நசுங்கும். உயிர் போவது இதனால்தான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இந்த வீக்கம் வயதானவர்களைவிட இளையவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கி, மண்டைக்குள் காலி இடம் கிடைக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு அந்த இடம் இல்லை. "சின்ன வயசு, தாங்கிக்கொள்வார்" என்ற நம்பிக்கையில் காத்திருப்பது இங்கே தவறு.

பக்கவாதம் வரும் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிறுபான்மையினருக்குத்தான். ஆனால் வந்துவிட்டால், ஆபரேஷன் இல்லாமல் மருந்தும் வென்டிலேட்டரும் மட்டும் வைத்துப் பார்த்தபோது பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு இறந்தார்கள் என்று 1996இல் ஜெர்மானிய மருத்துவர்கள் எழுதினார்கள். அப்போதிலிருந்து இதற்கு 'மேலிக்னன்ட்' (கொடியது) என்ற அடைமொழி சேர்ந்துகொண்டது. டாக்டர் அப்படிச் சொன்னால் புற்றுநோய் என்று பதற வேண்டாம்.

முதல் படி: சேர்த்த அன்றே கேட்க வேண்டியவை

நோயாளி விழித்துக்கொண்டு இருக்கும்போதே, பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பாதிப்பு எவ்வளவு பெரியது? எம்சிஏ பகுதியில் பாதிக்கு மேல் போயிருக்கிறதா? வீங்கும் வாய்ப்பு உண்டா? வீங்கினால் ஆபரேஷன் செய்ய இங்கே நியூரோ சர்ஜன் இருக்கிறாரா, இரவிலும் வருவாரா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். இல்லை என்று பதில் வந்தால், வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே மாற்ற முடியுமா என்று பேச ஆரம்பியுங்கள். நினைவோடு இருக்கும் நோயாளியை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதும், கண் பாவை விரிந்து மூச்சுக்குழாய் போட்ட நோயாளியைக் கொண்டுபோவதும் ஒன்றல்ல. இரண்டாவது நிலைக்குப் போனபின் கிளம்பினால், வழியிலேயே நேரம் கைவிட்டுப் போகும்.

டாக்டர்கள் ஆபத்தை எடைபோடச் சில அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். பக்கவாதத்தின் கடுமையை எண்ணிச் சொல்லும் என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண் 15க்கு மேல் இருப்பது, சிடி ஸ்கேனில் எம்சிஏ பகுதியின் பாதிக்கு மேல் கறுத்துத் தெரிவது, எம்ஆர்ஐயில் பாதித்த திசுவின் கன அளவு 145 மில்லிலிட்டரைத் தாண்டுவது, இவற்றோடு நோயாளி மயங்கத் தொடங்குவது. இந்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் "மதிப்பெண் எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துவைத்தால், மறுநாள் வேறு டாக்டர் வந்தாலும் பேச்சு முதலிலிருந்து தொடங்காது.

நோயாளி சாப்பிட்டுவந்த மாத்திரைகளின் பட்டியலை, முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளைக் கையோடு வைத்திருங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தையும் எழுதுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தாலோ, குழாய் வழியாகக் கட்டியை எடுத்திருந்தாலோ, அதற்காக இந்த ஆபரேஷன் செய்யவே முடியாது என்றாகிவிடாது. ரத்தக்கசிவு ஆபத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சர்ஜன் முடிவு செய்வார்.

இரண்டாம் படி: தூக்கத்தை ஓய்வு என்று நினைக்காதீர்கள்

வீக்கத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் தலைவலி அல்ல, தூக்கம். காலையில் கூப்பிட்டதும் கண் திறந்தவர், மத்தியானம் தோளைத் தட்டினால்தான் திறக்கிறார். சாயங்காலம் வலிக்கும்படி அழுத்தினால் மட்டும் முனகுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "பாவம், அசதியில் தூங்குகிறார்" என்று போர்வையை இழுத்துவிடுவார். இதைத்தான் செய்யக்கூடாது. முதல் ஐந்து நாட்களில் புதிதாக வரும் மயக்கம் எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "தேவையில்லாமல் கூப்பிட்டுவிட்டோமோ" என்ற கூச்சம் வேண்டாம். அவர்களும் மணிக்கொரு தரம் இதைத்தான் பார்க்கிறார்கள்.

நர்ஸ் டார்ச் அடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். இமையை விரலால் தூக்கி, ஓரத்திலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுவந்து கண் பாவை மேல் பாய்ச்சுவார். நல்ல நிலையில் பாவை உடனே சுருங்கும். பிறகு அடுத்த கண். இரண்டும் ஒரே அளவா, ஒரே வேகத்தில் சுருங்குகின்றனவா என்பதுதான் கேள்வி. ஒரு பாவை பெரிதாகி வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றால், வீங்கிய மூளை கண்ணுக்குப் போகும் மூன்றாம் நரம்பை அழுத்திவிட்டது என்று பொருள். அது முன்னறிவிப்பு அல்ல, பிந்திய அறிகுறி. பாவை விரியும்வரை காத்திருந்து ஆபரேஷன் முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலோரின் கருத்தும் அதுதான்.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மூச்சு சீர் கெடுவது, ரத்த அழுத்தம் எகிறி நாடி குறைவது, இதுவரை அசைந்துகொண்டிருந்த நல்ல பக்கத்துக் கை கால் தளர்வது ஆகியவையும் அவசரம்தான்.

மூன்றாம் படி: மருந்துகளின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி அளவுக்கு உயர்த்தி, கழுத்தை நேராக வைப்பார்கள். மூளையிலிருந்து ரத்தம் தடையில்லாமல் வடிவதற்காக இது. தலையணையை மாற்றிவைக்கும்போது கழுத்து ஒருபக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்வது நீங்களும் செய்யக்கூடிய வேலை. காய்ச்சல், சர்க்கரை, சோடியம் மூன்றையும் கட்டுக்குள் வைப்பார்கள். மானிட்டால் அல்லது அடர் உப்புக் கரைசலை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் திசுவிலிருந்து நீர் இழுக்கப்பட்டு அழுத்தம் குறையும். தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பார்கள்.

இவை எல்லாம் நேரம் வாங்கித் தருபவை. பெரிய வீக்கத்தைத் தாண்டிக் கரையேற்றும் என்று நம்ப முடியாது. வேறு சில மூளை வீக்கங்களுக்கு உதவும் ஸ்டீராய்டு, ரத்தக் குழாய் அடைப்பால் வந்த இந்த வீக்கத்துக்கு உதவாது. அதனால் "ஸ்டீராய்டு போட்டுப் பார்க்கலாமே" என்று தெரிந்தவர் யாராவது சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு டாக்டரோடு வாதாட வேண்டாம்.

நான்காம் படி: என்ன ஆபரேஷன் என்று புரிந்துகொள்ளுங்கள்

"மூளையை வெட்டுகிறார்கள்" என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அப்படி இல்லை. வழக்கமான முறையில் மூளையை எடுப்பதில்லை. வீங்கிய பக்கத்தில் தலைமுடியை மழித்து, காதுக்கு முன்னாலிருந்து பின்பக்கமாக வளைந்து நடுநெற்றி வரை வரும் பெரிய கேள்விக்குறி போலத் தோலைக் கீறி மடக்குவார்கள். பிறகு நெற்றி, நெற்றிப்பொட்டு, உச்சிப் பகுதிகள் சேர்ந்த ஒரு பெரிய எலும்புத் துண்டை அறுத்து எடுப்பார்கள். அதன் குறுக்களவு குறைந்தது 12 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பல சர்ஜன்கள் 14, 15 வரை போகிறார்கள். காதுக்கு மேலே பொட்டுப் பக்கத்து எலும்பையும் அடிவரை எடுப்பது முக்கியம், மூளைத்தண்டை நெருக்குவது அந்தப் பகுதியின் வீக்கம்தான்.

எலும்புக்கு அடியில் மூளையைச் சுற்றி டியூரா என்ற கெட்டியான உறை இருக்கிறது. எலும்பை எடுத்தும் இந்த உறையைத் திறக்காவிட்டால் பலன் குறைவு. அதனால் அதையும் திறந்து, ஒட்டுப் போட்டு அகலமாக்கித் தளர்வாக மூடுவார்கள். மேலே தோலை மட்டும் தைப்பார்கள். வீங்கும் மூளை இனி உள்நோக்கி நெருக்காமல் வெளிப்பக்கமாக விரியும்.

எடுப்பதுதான் எடுக்கிறோம், சின்னதாக எடுத்தால் என்ன என்று தோன்றலாம். சிறிய ஓட்டை அதிகக் கெடுதல். வீங்கிய மூளை அதன் வழியாகப் பிதுங்கும்போது எலும்பு விளிம்பில் ரத்தக் குழாய்கள் நசுங்கி, நல்ல திசுவும் சாகும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. மூளை அழுத்தத்துக்காக மண்டையோட்டைத் திறப்பதை சுவிட்சர்லாந்தின் தியோடர் கோஹர் 1901இலும் அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1905இலும் எழுதியிருக்கிறார்கள். பக்கவாதத்துக்கு அது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு முறையான சோதனைகள் வருவதற்குத்தான் நூறு ஆண்டுகள் ஆயின.

எடுத்த எலும்பைத் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். கிருமி புகாமல் சுற்றிக் கடுங்குளிர்ப் பெட்டியில் வைப்பார்கள். அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பை போல் செய்து அங்கேயே வைத்துத் தைப்பார்கள். ஆபரேஷன் தலையில், தையல் வயிற்றிலும் இருக்கிறதே என்று பின்னால் பதறாமல் இருக்க, எங்கே வைக்கப் போகிறார்கள் என்பதை முன்பே கேளுங்கள்.

பக்கவாதம் சிறுமூளையில் வந்திருந்தால் கணக்கே வேறு. அங்கே இடம் மிகக் குறுகல், மூளைத்தண்டு ஒட்டியே இருக்கிறது, தண்டுவட நீர் ஓடும் பாதையும் அடைபடும். பின்மண்டை எலும்பை எடுத்து, தேவைப்பட்டால் நீரை வடிக்கக் குழாயும் வைப்பார்கள். மூளைத்தண்டு கெட்டுப்போகாமல் நேரத்தோடு செய்தால் பலர் நல்லபடியாகத் தேறுகிறார்கள். கீழே சொல்லும் சதவீதங்கள் அவர்களுக்குப் பொருந்தாது. ரத்தக் குழாய் வெடித்து வந்த பக்கவாதத்துக்கும் பொருந்தாது.

ஐந்தாம் படி: முடிவெடுப்பது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

முதலில், டாக்டர்கள் பேசும் ஓர் அளவுகோலைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பின் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதை 0 முதல் 6 வரை எண்ணுவார்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். நமக்கு முக்கியமானவை நடுவில் இருப்பவை. 2 என்றால் சில வேலைகள் முடியாமல் போனாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். 3 என்றால் சில விஷயங்களுக்கு உதவி வேண்டும், ஆனால் ஆள் பிடிக்காமல் நடப்பார். 4 என்றால் துணையில்லாமல் நடக்க முடியாது, குளிக்க, உடுத்த, கழிவறை போக ஒருவர் வேண்டும். 5 என்றால் படுக்கையோடு, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்து 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 60 வயது வரையுள்ள 93 பேர். பக்கவாதம் வந்த 48 மணி நேரத்துக்குள் சிகிச்சை. ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்தவர்களில் 78 சதவீதம் உயிரோடு இருந்தார்கள், செய்யாதவர்களில் 29 சதவீதம்தான். உயிர் காக்கும் விஷயத்தில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் மருத்துவத்தில் அபூர்வம்.

அதே கணக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். ஆபரேஷன் செய்த நூறு பேரில் 22 பேர் இறந்தார்கள். 43 பேர் 2 அல்லது 3 என்ற நிலையில், அதாவது தாமாகவே நடக்கும் நிலையில் இருந்தார்கள். 31 பேர் 4 என்ற நிலை. 4 பேர் படுக்கையோடு. முழுக்கப் பழையபடி ஆனவர் ஒருவரும் இல்லை. செய்யாதவர்களில் நடக்கும் நிலைக்கு வந்தவர்கள் 21 பேர். ஆகவே ஆபரேஷன் நடமாடுபவர்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குகிறது. இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடிய பலரை, நடக்கவும் அன்றாடக் காரியங்களுக்கும் துணை தேவைப்படும் வாழ்க்கைக்கும் கொண்டுவருகிறது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் டாக்டரிடம், மறைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2014இல் ஜெர்மனியிலிருந்து தனிச் சோதனை வந்தது, 112 பேர். ஆறு மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்களில் இறந்தவர்கள் 33 சதவீதம், செய்யாதவர்களில் 70. உயிர் காக்கும் பலன் இங்கேயும் தெளிவு. ஆனால் ஆபரேஷன் செய்தவர்களில் தாமாக நடக்கும் நிலைக்கு வந்தவர்கள் 7 சதவீதம்தான். 32 சதவீதம் 4 என்ற நிலையிலும், 28 சதவீதம் படுக்கையோடும் இருந்தார்கள். 60 என்பது கத்தி வைத்து அறுத்தது போன்ற எல்லை இல்லை. 62 வயதில் திடமாக இருந்தவரும் 58 வயதில் பல நோயோடு இருந்தவரும் உண்டு. ஆனாலும் வயது கூடக் கூட, உயிரோடு இருப்பதற்கும் நடமாடுவதற்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது என்பதை மனதில் வையுங்கள்.

இடது பக்கம் பாதித்தால் பேச்சு போகும் என்பதால் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. அதை மட்டுமே காரணமாக வைத்து மறுப்பது சரியில்லை. வலது பக்கம் பாதித்தவர்களுக்குப் பேச்சு இருக்கும். ஆனால் உலகத்தின் இடது பாதியையே கவனிக்காமல் போவது, நிதானம் இழப்பது, சோர்ந்து ஆர்வமற்றுப் போவது ஆகியவை அவர்களைக் கடுமையாகத் தாக்கும். எந்தப் பக்கத்திலும் இழப்பு உண்டு.

இனி வீட்டார் கூடிப் பேச வேண்டியது. "நமக்கு என்ன வேண்டும்?" என்று தொடங்காதீர்கள். "அவருக்குப் பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்று தொடங்குங்கள். வேறு யாருக்காவது பக்கவாதம் வந்தபோது அவர் என்ன சொன்னார்? "இப்படிக் கிடப்பதற்கு..." என்று சொன்னவரா? "எப்படியாவது பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்" என்று சொன்னவரா? எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறாரா? முதல் நாள் அவர் தெளிவாக இருந்தால் அவரிடமே கேளுங்கள். கேட்கக் கூசும், மனம் வராது. ஆனாலும் கேட்டுவிடுங்கள். பின்னால் குடும்பத்தில் யாரும் யாரையும் குற்றம் சொல்லாமல் இருக்க அவர் வாயால் வந்த ஒரு சொல் போதும்.

இன்னொன்றையும் சேர்த்து எடைபோடுங்கள். நல்ல உடம்போடு இருப்பவரிடம் கேட்டால் "அப்படி வாழ்வதைவிடச் சாகலாம்" என்பார். அந்த நிலையில் உண்மையாகவே வாழ்பவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கேட்ட ஆய்வுகளில், பெரும்பாலோர் "மறுபடியும் சம்மதித்திருப்போம்" என்றே சொல்லியிருக்கிறார்கள். பாரம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. மனிதர் எதற்குப் பழகுவார் என்பதை வெளியிலிருந்து கணிப்பது கடினம் என்றுதான் அர்த்தம்.

வேண்டாம் என்று முடிவு செய்தால், அதுவும் கைவிடுவது ஆகாது. வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல், பக்கத்தில் ஆட்கள் இருக்க, அமைதியாக விடைபெற வைக்கும் பராமரிப்பு உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

டாக்டரிடம் பேச ஒருவரை நியமியுங்கள், கையெழுத்துப் போடுபவரும் அவரே இருந்தால் நல்லது. ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டால் ஐந்து விதமாகப் புரியும். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எலும்பை எங்கே வைப்பீர்கள், எப்போது திரும்ப வைப்பீர்கள், மூச்சுக்குழாய்க்குக் கழுத்தில் துளை போட வேண்டி வருமா. 48 மணி நேரம் என்பதை மறக்க வேண்டாம். அதற்குப் பிறகும் செய்கிறார்கள், ஆனால் பலன் உறுதியாகத் தெரிந்திருப்பது அதற்குள் செய்தால்தான்.

ஆறாம் படி: ஐசியூவில் முதல் பார்வைக்குத் தயாராகுங்கள்

முகம் வீங்கி, ஆபரேஷன் செய்த பக்கத்துக் கண் மூடி, இமை கறுத்திருக்கும். தலையில் பெரிய கட்டு, ஸ்டேப்ளர் தையல், ரத்தம் வடியும் குழாய், வாயில் மூச்சுக்குழாய், மூக்கில் உணவுக்குழாய். குழந்தைகளை அன்றே அழைத்துப் போகாமல் இருப்பது நல்லது. முக வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடும்.

கட்டிலின் தலைமாட்டில் "இந்தப் பக்கம் எலும்பு இல்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒட்டச் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாறி வரும் ஒவ்வொருவருக்கும் அது கண்ணில் பட வேண்டும்.

கண் விழிக்க நாட்கள் ஆகலாம். வாரக்கணக்கில் குழாய் தேவைப்பட்டால் கழுத்தில் துளை போட்டு மூச்சுப்பாதை அமைப்பார்கள். அது தோல்வியின் அடையாளம் அல்ல. பெரும்பாலோருக்குப் பிறகு எடுத்துவிடலாம்.

ஏழாம் படி: எலும்பு இல்லாத மாதங்கள்

எலும்பு எடுத்த இடத்தில் தோலுக்கு அடியில் உடனே மூளைதான். தொட்டால் மெத்தென்று இருக்கும், நாடியோடு சேர்ந்து ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். முதல் தடவை பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். அது இயல்பு. மெதுவாகக் கழுவலாம், துடைக்கலாம். அழுத்தக்கூடாது.

அந்தப் பக்கமாகப் படுக்க வைக்காதீர்கள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டும்போது நல்ல பக்கத்துக்கும் மல்லாந்த நிலைக்கும் மாறி மாறி வையுங்கள், படுக்கைப்புண்ணும் வராது. எழுந்து உட்காரவும் நடக்கவும் தொடங்கினால் ஹெல்மெட் கட்டாயம். தலைக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண வண்டி ஹெல்மெட் அழுத்தும். பக்கவாதம் வந்தவர் விழுவது அடிக்கடி நடப்பது, விழுந்தால் அந்தத் தலைக்குக் காப்பு இல்லை.

நிற்கும்போது அந்த இடம் கொஞ்சம் குழிவது சாதாரணம். முதல் வாரங்களில் உப்பியிருப்பதும் மெல்ல வடியும். வடிந்த இடம் மறுபடி உப்பி இறுகினால் உள்ளே நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாறாக, மிகவும் குழிந்து, தேறிக்கொண்டிருந்தவர் திடீரெனப் பின்னடைந்தால், உட்கார்ந்தால் தலைவலியும் தலைசுற்றலும் வந்து படுத்தால் சரியானால், வெளிக்காற்றின் அழுத்தம் மூளையை உள்நோக்கித் தள்ளுகிறது. இதை "இனி இவ்வளவுதான் தேறுவார்" என்று தப்பாக நினைத்துவிடுகிறார்கள். எலும்பைத் திரும்ப வைத்ததும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னேறுபவர்கள் இவர்களில் உண்டு. அதனால் சர்ஜனிடம் காட்டாமல் விடாதீர்கள்.

காய்ச்சல், தையலில் சீழ், தெளிந்த நீர் கசிவது, வலிப்பு, புதிய மயக்கம் எதுவானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எட்டாம் படி: எலும்பைத் திரும்ப வைப்பது

மூளை வீக்கம் முழுதாக வடிந்து, தொற்று ஏதும் இல்லை என்று உறுதியான பிறகு இரண்டாவது ஆபரேஷன். பொதுவாகச் சில வாரங்களிலிருந்து ஆறு மாதங்களுக்குள். சேமித்த எலும்பு கெட்டுப்போயிருந்தாலோ கிடைக்காவிட்டாலோ டைட்டானியம், பீக் என்ற கடின பிளாஸ்டிக், எலும்பு சிமென்ட் ஆகியவற்றில் ஒன்றை ஸ்கேன் பார்த்து அந்த வடிவத்திலேயே செய்து பொருத்துவார்கள். முதல் ஆபரேஷனைவிடச் சின்னது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். தொற்றும் ரத்தக்கட்டும் இதில் குறைவில்லை. வைத்த சொந்த எலும்பு பின்னாளில் கரைந்து மெலிவதும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே இதற்கான தேதியையும் சர்ஜன் பெயரையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். வேறு ஊருக்குப் போய்விட்டால் எலும்பு எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

ஒன்பதாம் படி: தேறும் காலம்

பிசியோதெரபி ஐசியூவிலேயே தொடங்க வேண்டும். கை கால் மூட்டுகளை மடக்கி நீட்டாமல் விட்டால் இறுகிப்போகும், பிறகு அசைவு திரும்பினாலும் பயன்படாது. பேச்சுப் பயிற்சியாளர் பேச்சை மட்டும் பார்ப்பவர் அல்ல. புரையேறாமல் விழுங்குகிறாரா என்று சோதிப்பதும் அவர் வேலைதான். அவர் சரி என்று சொல்லும்வரை வாய் வழியாகத் தண்ணீர்கூட வேண்டாம். "ஒரு வாய்க் கஞ்சிதானே" என்று ஊட்டி, அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடிந்த கதைகள் ஏராளம்.

முன்னேற்றம் மாதக்கணக்கில் நடக்கும். முதல் மூன்று மாதம் வேகமாக, பிறகு மெதுவாக, ஓராண்டைத் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றாம் மாதத்தில் இருக்கும் நிலையைக் கடைசி நிலை என்று எழுதிவைத்துவிடாதீர்கள்.

மனச்சோர்வு மிகப் பரவலாக வரும். அழுகை, சாப்பாடு வேண்டாமென்பது, பயிற்சிக்கு ஒத்துழைக்காதது எல்லாம் பிடிவாதமாகத் தெரியும். அது நோயின் பகுதி, மருந்துக்குக் கட்டுப்படும். பேச முடியாதவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை என்பதால், நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கும் இதே சோர்வு வரும். ஒரே ஆள் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். முறை வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரத்திலிருந்தே.

கடைசியாக, கேட்காமல் விட்டுப்போகும் ஒரு கேள்வி. ஆபரேஷனுக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிறுத்தியிருப்பார்கள். இதயத் துடிப்புச் சீரற்றுப்போய்த்தான் முதல் பக்கவாதம் வந்தது என்றால், அந்த மருந்து இல்லாத ஒவ்வொரு வாரமும் இன்னொரு கட்டி உருவாக வாய்ப்பு. ரத்தக்கசிவு பயம் போனதும் எந்தத் தேதியில், எந்த மருந்தை, யார் சொல்லித் திரும்பத் தொடங்குவது, எலும்பு வைக்கும் ஆபரேஷனுக்கு முன் மறுபடி எப்போது நிறுத்துவது என்று நரம்பியல் டாக்டரிடமும் சர்ஜனிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே பதில் சொல்கிறார்களா என்று சரிபார்த்து, அதை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.